ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த ஸ்டீரியோ செட்: ரேடியோ, சிடி பிளேயர், ஸ்பீக்கர் மூன்றையும் வீட்டிலேயே சர்வீஸ் செய்வது எப்படி?

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் என் மாமா, போன மார்கழியில் ஒரு ஸ்டீரியோ செட்டைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு சேலம் அம்மாபேட்டைக்கு வந்து இறங்கினார். ரேடியோவும் சிடி பிளேயரும் சேர்ந்த பெட்டி ஒன்று, தனியாக இரண்டு ஸ்பீக்கர்.

"பாடுது மாப்ளே. ஆனா பாட்டுல உசுரே இல்ல, பக்கத்து எஸ்டேட்ல பாடற மாதிரி இருக்கு. சிடி நாலு பாட்டு ஓடும், அஞ்சாவதுல திக்கும். ரேடியோவுல ஒரே இரைச்சல். கடையில காட்டுனேன், லென்ஸ் போச்சு, மாத்தணும்னுட்டாங்க."

"எப்பவும் திக்குமா மாமா, இல்ல எப்பவாவதா?"

"காலையிலதான் மோசம். மத்தியானத்துக்கு மேல பரவால்ல."

அந்தக் கடைசி வரியில்தான் பாதி வேலை முடிந்தது. எப்படி என்று சிடி பகுதிக்கு வரும்போது சொல்கிறேன். லென்ஸ் மாற்றாமலே செட் சரியானது. நான் காசு கொடுத்து வாங்கியவை சிடி டிரேயை நகர்த்தும் ரப்பர் பெல்ட் ஒன்று, கொஞ்சம் ஒயர், அவ்வளவுதான். நோயைக் கண்டுபிடிக்காமல் திருகாணியைத் தொடக் கூடாது என்பதுதான் இத்தனை வருடத்தில் நான் கற்ற ஒரே பாடம். கீழே உள்ள வரிசையும் அதற்காகத்தான்.

செட் வந்த அன்றே போட்டுப் பார்க்காதீர்கள்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மார்கழிக் குளிரில் ஊறிய செட்டை ஒரு மணி நேரத்தில் சேலத்துக்கு இறக்கினால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வேர்ப்பதுபோல அதன் உள்ளே எல்லாம் வேர்க்கும். லென்ஸ்மேல் பனி படிந்தால் நல்ல பிளேயரும் டிஸ்க்கைப் படிக்காது. அதைவிட மோசம், கரன்ட் ஓடும் போர்டுமேல் ஈரம். துணியில் சுற்றியபடியே ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் பிரிக்கலாம்.

முதலில் காதால் பாருங்கள்

செட்டைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள். கரகரப்பு ரேடியோ, சிடி, வெளி இன்புட் மூன்றிலும் வருகிறதா? வந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபயரில். ஒன்றில் மட்டும் வந்தால் அந்தப் பகுதியில். செலக்டர் சுவிட்சைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும் விஷயத்துக்குச் செட்டைக் குடைய வேண்டியதில்லை.

ஒரு பக்கம் பாடவில்லை என்றால், செட்டை அணைத்துவிட்டு இரண்டு ஸ்பீக்கர் ஒயரையும் இடம் மாற்றிப் போடுங்கள். அதே பெட்டி ஊமையாகவே இருந்தால் பெட்டியோ அதன் ஒயரோ கெட்டிருக்கிறது. ஊமை மற்ற பெட்டிக்குத் தாவினால் ஆம்ப்ளிஃபயரின் அந்தச் சேனல். ஹெட்ஃபோனில் இரண்டு காதிலும் நன்றாகக் கேட்டு, ஸ்பீக்கரில் மட்டும் வராவிட்டால் ஹெட்ஃபோன் ஜாக்கைச் சந்தேகியுங்கள். பல செட்டுகளில் ஸ்பீக்கருக்குப் போகும் சத்தம் அந்த ஜாக்குக்குள் இருக்கும் சிறிய பித்தளைத் தகடு வழியாகத்தான் போகும். மலைக் காற்றில் அது கறுத்துவிடும். பின்னை இருபது தடவை சொருகி எடுத்தாலே சில சமயம் உயிர் வந்துவிடும். அதற்கு அடுத்த சந்தேகம், செட் போட்டு மூன்று நான்கு நொடியில் 'டக்' என்று சத்தம் போட்டு ஸ்பீக்கருக்கு இணைப்பு கொடுக்கும் தானியங்கி சுவிட்ச், அதாவது ரிலே. அந்த டக் வரவே இல்லையென்றால், உள்ளே ஏதோ டிரான்சிஸ்டரோ ஐசியோ அடிபட்டு, ஸ்பீக்கரைக் காப்பாற்றுவதற்காகச் செட் தானே இணைப்பு கொடுக்காமல் நிற்கிறது என்று அர்த்தம். அதை நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

வேண்டிய சாமான்கள்

ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இரண்டு அளவில், மல்டிமீட்டர், பெயின்ட் பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சி, ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹால், எலக்ட்ரானிக்ஸுக்கான கான்டாக்ட் கிளீனர், தையல் மெஷின் எண்ணெய், பிளாஸ்டிக்குக்கு ஆகும் வெள்ளை கிரீஸ். சால்டரிங் அயர்ன் இருந்தால் நல்லது. கடைசியாக ஓர் ஊதுபத்திக் குச்சி. சிரிக்காதீர்கள், ரேடியோ பகுதியில் வேலை இருக்கிறது.

திறப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிடுங்கிய பிறகும், உள்ளே பெரிய டப்பா மாதிரி நிற்கும் ஃபில்டர் கண்டென்சர்களில் சார்ஜ் மிச்சம் இருக்கும். மல்டிமீட்டரை டிசி-யில் வைத்து ஒவ்வொரு கண்டென்சரின் இரண்டு காலிலும் பாருங்கள். சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை கை வைக்காதீர்கள். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் கண்டென்சரின் இரண்டு காலிலும் சில நொடி பிடியுங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்த செட் என்றால் பின்பக்கம் வோல்டேஜ் எழுதியிருப்பதைப் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் 230-ல் நேராகச் சொருகிய நொடியே கதை முடியும்.

மூடியைக் கழற்றியதும் செல்போனில் நாலு கோணத்தில் படம் எடுங்கள். எந்த ரிப்பன் (தட்டையான ஒயர்) எங்கே சொருகியிருந்தது என்று ஞாபகத்தை நம்பிய ஒவ்வொரு தடவையும் நான் வருத்தப்பட்டிருக்கிறேன்.

தூசியும் பல்லி முட்டையும்

சேலம் வீட்டுச் செட்டைத் திறந்தால் உலர்ந்த தூசி; பிரஷ்ஷால் தட்டி ஊதினால் போய்விடும். மலைச் செட் வேறு ஜாதி. தூசி ஈரத்தோடு சேர்ந்து அப்பிப்போயிருக்கும், கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருக்கும். மாமா செட்டில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் இருக்கும் கதகதப்பைத் தேடி ஒரு பல்லி குடியேறி, இரண்டு முட்டையும் விட்டுப் போயிருந்தது. பக்கத்து ஓட்டையில் குளவி கட்டிய மண்கூடு. பல்லி எச்சம் விழுந்த இடத்தில் செம்புக் கோடு அரித்துப்போகும். பிரஷ்ஷை ஐபிஏயில் நனைத்து அதைத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

பச்சை பூத்த கனெக்டரைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு, நாலு தடவை சொருகி எடுத்தால் போதும். பிறகு போர்டைத் திருப்பி, கனமான உறுப்புகளின் காலைப் பாருங்கள்: ஹீட்சிங்கில் (சூட்டை வாங்கும் உலோகத் தகட்டில்) நிற்கும் ஐசி, ஸ்பீக்கர் டெர்மினல், ஜாக்குகள். ஈயத்தில் காலைச் சுற்றி மெல்லிய வளையம்போல விரிசல் தெரிந்தால் அது டிரை சால்டர். தட்டினால் பாடும், தட்டினால் நிற்கும் செட்டுகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான். புது ஈயம் வைத்துச் சூடு காட்டுங்கள். கண்டென்சர் தலை உப்பியிருந்தால் அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட் கொண்டதாக மாற்றுங்கள். பிளஸ் மைனஸ் பக்கம் மாறிவிடக் கூடாது.

வால்யூம் கரகரப்பு

வால்யூமைத் திருகும்போது மட்டும் கரகர என்றால் உள்ளே அழுக்கு. கன்ட்ரோலின் காலுக்கு மேலே தெரியும் இடைவெளியில் கிளீனரை ஒரு நொடி அடித்து, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை முப்பது தடவை திருகுங்கள். பேஸ், ட்ரெபிள், பேலன்ஸ் எல்லாவற்றுக்கும் இதே. காயும்வரை செட்டைப் போடாதீர்கள். துருவை விடுவிக்கும் பொது ஸ்பிரே எதையும் இங்கே அடிக்காதீர்கள். அதன் எண்ணெய்ப் பசை கார்பன் பாதையில் தங்கி, ஆறு மாதத்தில் முன்னைவிட அதிகத் தூசியைப் பிடிக்கும். சுத்தம் செய்தும் உடனே கரகரப்பு திரும்பினால், கன்ட்ரோலுக்கு முன்னால், பாட்டை மட்டும் விட்டு டிசி-யைத் தடுக்க வேண்டிய கப்ளிங் கண்டென்சர் அதைக் கசியவிடுகிறதா என்று மீட்டரில் பாருங்கள்.

சிடி பிளேயர்

1982-ல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து கொண்டுவந்த இந்த டிஸ்க்கைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் பாதிக் கோளாறுக்குக் காரணம் புரியும். ஒன்று, இது உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. முதல் பாட்டு நடுவில், கடைசிப் பாட்டு ஓரத்தில். இரண்டு, அடுத்தடுத்த வரிகளுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி. ஒரு தலைமுடியின் அகலத்தில் நாற்பது வரி அடங்கும். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு லென்ஸ் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் தூரத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்து நகர்கிறது. டிஸ்க்கும் நிமிடத்துக்கு 500 சுற்றில் தொடங்கி, ஓரத்துக்குப் போகப் போக 200-க்கு இறங்குகிறது.

சோதிக்கும்போது கடையில் வாங்கிய அசல் டிஸ்க்கைப் போடுங்கள். வீட்டில் எழுதிய டிஸ்க்கின் சாயம் நாளடைவில் மங்கும். திரும்பத் திரும்ப எழுதும் வகை ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும் என்பதால் பழைய பிளேயர் அதைப் படிக்காமல் போவது கோளாறே இல்லை. டிஸ்க்கைத் துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் வரியோடு சேர்ந்தே ஓடும், பிளேயரால் சமாளிக்க முடியாது. பெயர் அச்சடித்த மேல் பக்கத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். அலுமினியப் படலம் அந்தப் பக்கத்து வார்னிஷுக்கு அடியில்தான் இருக்கிறது. அங்கே விழும் கீறலுக்கு மருந்தே கிடையாது.

இப்போது மூடி திறந்திருக்கும் நிலையில், டிஸ்க் இல்லாமல் செட்டைப் போட்டு டிரேயை மூடுங்கள். (கரன்ட் இருக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கை போகக் கூடாது.) பார்க்க வேண்டியது: லென்ஸ் முதலில் நடுப்பக்கம் வந்து சேரும். பிறகு இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் துள்ளும். ஓரமாகப் பார்த்தால் மங்கிய சிவப்புப் புள்ளி தெரியும். 780 நானோமீட்டர் லேசர் அது, பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாது. மங்கலாக இருக்கிறதே என்று நேர் மேலே குனிந்து பார்க்காதீர்கள். ஓர் அடி தள்ளி, சாய்வாகப் பாருங்கள். புள்ளியும் துள்ளலும் இருந்தால் லென்ஸ் செத்துவிடவில்லை.

டிரே திறக்க மறுத்தால், அல்லது கையால் இழுத்தால்தான் வந்தால், அது பெல்ட். ரப்பர் தளர்ந்திருக்கும். வெந்நீரில் போட்டு எடுத்தால் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் புதுசு மாற்றுவதே வேலை. புல்லியில் ஒட்டியிருக்கும் பழைய ரப்பர் கறையை ஐபிஏயால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

லென்ஸ் துடைக்க: பஞ்சுக் குச்சியை ஐபிஏயில் தொட்டு, உதறி, கண்ணிமையைத் தொடும் அழுத்தத்தில் ஒரு சுற்று. உலர்ந்த குச்சியால் இன்னொரு சுற்று. நான்கு முடியிழை போன்ற கம்பியில் தொங்கும் பொருள் அது. வாயால் ஊதுவது, செண்ட் போட்டுத் துடைப்பது இரண்டும் கூடாது.

இனி மாமாவின் கதை. முதல் நாலு பாட்டு ஓடி, பிறகு திக்குகிறது என்றால் லென்ஸ் படிக்கிறது; நகர முடியாமல் தவிக்கிறது. லென்ஸே பழுது என்றால் பெரும்பாலும் டிஸ்க்கை முதலிலேயே படித்திருக்காது. கீழே அது ஊர்ந்துபோகும் இரும்புக் கம்பியைப் பார்த்தேன். வெள்ளையாக, மெழுகு பூசினாற்போல ஏதோ. விரலில் எடுத்து முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய்!

"யார் மாமா இதுல எண்ணெய் விட்டது?"

"நான்தான் மாப்ளே. காஞ்சு கெடந்துச்சு, கீல்ல விடற மாதிரி விட்டேன்."

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஏற்காட்டு மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைகிற எண்ணெய் கம்பியில் மட்டும் உறையாதா? வெயில் ஏறியதும் உருகும். மத்தியானம் சிடி ஓடும். அந்தக் கடையில் சேலத்து உச்சி வெயிலில் சோதித்திருந்தால் திக்கியிருக்கவே திக்காது. லென்ஸ் மாற்றச் சொன்னது எதை வைத்தோ, தெரியவில்லை.

கம்பியையும் பல்சக்கரத்தையும் ஐபிஏயால் பளிச்சென்று துடையுங்கள். கம்பிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அதையும் விரலால் இழுத்து மெல்லிய பூச்சாக. பல்சக்கரத்துக்குக் கடுகளவு வெள்ளை கிரீஸ். பிறகு பல்சக்கரத்தைக் கையால் சுற்றி லென்ஸை ஓரம் வரை கொண்டுபோய் வாருங்கள். எந்த இடத்திலும் இடறக் கூடாது. டிஸ்க் உட்காரும் வட்டத் தட்டையும் துடைக்க மறக்காதீர்கள். அங்கே ஒரு மணல் இருந்தாலும் டிஸ்க் சாய்ந்து சுற்றும்.

பழைய பிளேயர்களின் போர்டில் ஃபோகஸ், டிராக்கிங் என்று எழுதிய பிரிசெட்டுகள், அதாவது ஸ்க்ரூ டிரைவரால் திருகும் குட்டி கன்ட்ரோல்கள், இருக்கும். லென்ஸும் லேசரும் சேர்ந்த பிக்கப்பின் பக்கவாட்டிலும் ஒன்று. அந்தப் பக்கவாட்டுப் பிரிசெட் லேசரின் சக்தி. அதைக் கூட்டினால் சாகும் லேசர் சில வாரம் பிரகாசித்துவிட்டுச் சாகும். தொடாதீர்கள். போர்டில் உள்ளவற்றைத் திருகித்தான் ஆக வேண்டும் என்றால், இப்போதைய இடத்தை மார்க்கரால் குறித்துவிட்டு, டிஸ்க் ஓடும்போதே மயிரளவு நகர்த்திப் பாருங்கள். பலன் இல்லையென்றால் குறித்த இடத்துக்கே திருப்புங்கள். பிறகு வந்த செட்டுகள் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும், பிரிசெட்டே இருக்காது.

எல்லாம் செய்தும் படிக்கவில்லையென்றால் புது பிக்கப். கேஎஸ்எஸ்-213 போன்ற வகைகள் இன்றும் கிடைக்கின்றன; பழையதன் மேல் இருக்கும் எண்ணைக் கடைசி எழுத்து வரை பார்த்து வாங்குங்கள். புதியதில் கை உரசலில் வரும் ஸ்டாடிக் மின்சாரத்திலிருந்து காப்பதற்காகச் சின்னதாக ஓர் ஈயப் பொட்டு வைத்து ஷார்ட் செய்திருப்பார்கள். ரிப்பனைச் சொருகிய பிறகு அதை எடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, புதுசும் டூப்ளிகேட் என்று திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரேடியோ

எண் காட்டும் டிஜிட்டல் ட்யூனர் என்றால் உள்ளே அட்ஜஸ்ட் செய்ய ஏறக்குறைய எதுவும் இல்லை. ஆனால் செட் எந்த நாட்டுக்காகச் செய்தது என்று பாருங்கள். ஜப்பானில் விற்ற பழைய செட்டுகளின் எஃப்எம் 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான், கொடைக்கானல் எஃப்எம் நிலையத்தின் 100.5 அதில் வரவே வராது. மீடியம் வேவில் நம் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. திருச்சி 936, சென்னை 720, இரண்டும் ஒன்பதால் வகுபடும். அமெரிக்கச் செட் பத்துப் பத்தாகத் தாண்டும்: 930, 940. திருச்சி நடுவில் மாட்டிக்கொண்டு கீச்சிடும். பின்பக்கம் 9/10 சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள்.

முள் நகரும் பழைய செட் என்றால் நிலையம் டயலில் இடம் தள்ளி வருவது வழக்கமான புகார். முதலில் டயல் நூல் வழுக்குகிறதா என்று பாருங்கள். வழுக்கவில்லையென்றால்தான் டிரிம்மர் என்ற குட்டித் திருகு. இங்கேதான் ஊதுபத்திக் குச்சி. இரும்பு ஸ்க்ரூ டிரைவர் அருகே வந்தாலே காயிலின் அளவு மாறும். எடுத்ததும் நிலையம் ஓடிவிடும். குச்சியின் நுனியைத் தட்டையாகச் சீவிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. மீடியம் வேவில் டயலின் கீழ்ப்பக்க நிலையம் ஒன்றை, இரவில் சென்னை 720 என்று வைத்துக்கொள்ளுங்கள், நிலையம் டயலில் எங்கே விழும் என்று தீர்மானிக்கும் ஆசிலேட்டர் காயிலின் உட்கருவைத் திருகி அதன் எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். மேல்பக்க நிலையத்தை, டயலோடு சேர்ந்து சுற்றும் கண்டென்சரான கேங்கில் உள்ள ஆசிலேட்டர் டிரிம்மரால். ஒன்றைத் திருத்தினால் மற்றது கொஞ்சம் நகரும், அதனால் மாறி மாறி மூன்று தடவை. 455 கிலோஹெர்ட்ஸில் பூட்டிய ஐஎஃப்டி என்ற குட்டி உலோக டப்பாக்களின் பக்கம் போகாதீர்கள். சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் அதைத் திருகியவர் யாரும் பழைய நிலைக்குத் திரும்பியதில்லை.

எஃப்எம் இரைச்சலுக்குக் காரணம் பத்தில் பாதி நேரம் ஏரியல். மாமா வீட்டில் அந்த ரிப்பன் ஒயர் சுருட்டிய சுருளாகவே அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. புதிதாகச் செய்வது சுலபம்: இரட்டை ஒயரின் ஒரு முனையை 71 சென்டிமீட்டருக்குப் பிரித்து, இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல விரித்து ஆணியில் கட்டுங்கள். மீதி ஒயர் செட்டின் ஆன்டெனா டெர்மினலுக்கு. 100.5 மெகாஹெர்ட்ஸின் அரை அலைநீளத்துக்கு இது பொருந்தும். ஏற்காட்டிலிருந்து கொடைக்கானல் தெற்கே, சற்று மேற்கே சாய்ந்து, ஏறக்குறைய 190 கிலோமீட்டர்; ஆகவே கைகள் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். தெற்குப் பார்த்த சரிவு வீடு என்றால் அதிர்ஷ்டம். நடுவில் குன்று மறைத்தால் ஏரியலைக் கூரைக்கு ஏற்றுங்கள். இரைச்சல் இன்னும் மிச்சம் இருந்தால் மோனோ பொத்தானை அமுக்குங்கள். தூரத்து நிலையத்துக்கு அதுவே பாதி மருந்து. மீடியம் வேவில் மட்டும் 'உர்ர்' என்றால் வீட்டு எல்இடி பல்பையும் செல்போன் சார்ஜரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

ஸ்பீக்கர்

பாட்டில் உயிர் இல்லாததற்குக் காரணம் இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. வலது பெட்டியில் சிவப்பு ஒயர் கறுப்பில் சொருகியிருந்தது. ஒரு கூம்பு முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும், பாடுபவரின் குரலும் நடுவில் நிற்காது. மோனோவில் செய்தி வாசிப்பைப் போட்டு, இரண்டு பெட்டிக்கும் நடுவில் உட்காருங்கள். குரல் சரியாக நடுவிலிருந்து வர வேண்டும். ஒயரின் நிறம் தெரியவில்லையென்றால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்டதுதான் ஸ்பீக்கரின் பிளஸ். மீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு ஓம் அளவில் காட்டும், பயப்பட வேண்டாம். கூம்பின் ஓரத்து ஃபோம் வளையம் தொட்டால் உதிர்ந்தால், அதே அளவு வளையம் வாங்கி ஒட்டலாம்.

மறுபடி மலை ஏறும் முன்

மூடியை மாட்டி இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பக்கம் கை பொறுக்கும் சூடுதான் இருக்க வேண்டும். டிரேயில் டிஸ்க்கை வைத்தபடி 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றாதீர்கள், அது கழன்று லென்ஸ்மேல் ஆடும். மேலே போனதும் மூடிய அலமாரிக்குள் வைக்காமல், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் இரண்டு தடவையாவது அரை மணி நேரம் பாடவிட்டால் அதன் சொந்தச் சூடே ஈரத்தை விரட்டும். பின்பக்க ஓட்டைகளுக்குக் கொசு வலைத் துணி ஒட்டினால் பல்லி வராது, காற்று வரும்.

கூரைக்கு ஏரியல் ஏற்றியவர்கள் கோடை இடி கிளம்பும் முன்பே பிளக்கோடு ஏரியல் ஒயரையும் செட்டிலிருந்து பிடுங்கி, ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.